மஞ்சள் ஓரம்

அன்றைக்குச் சமையலறைக் குழாய் உண்மையிலேயே திறந்திருந்ததா, இல்லை அவள் பிற்பாடு தன் மனத்துக்குள் அதைத் திறந்துவிட்டுக்கொண்டாளா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்தக் கதையை அவள் என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை குழாய் திறந்திருந்தது. ஒரு தடவை கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. மூன்றாவது தடவை சத்தம் எதுவுமே இல்லை, வெறுமனே காதைப் பொத்திக்கொண்டு நின்றாளாம். நான் குழாயையே வைத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

அவளுடைய கணவர் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வண்டி கிளம்பும்போது ஆரம்பித்தால் கடைசி நிறுத்தத்தில்தான் ஓய்வார், அதுவும் அரைகுறையாக. அவள் நேர் எதிர். தோல் பட்டறையில் தரம் பார்க்கும் மேசையில் பதினாறு வருஷமாக நிற்கிறாள். அங்கே அவளை 'ஊமை' என்று கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். அவர் பேசுவதும் அவள் கேட்பதுமாகப் பத்தொன்பது வருஷம் குடித்தனம் ஓடிவிட்டது. பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் சத்தம் என்று இருந்ததெல்லாம் அவருடைய சத்தம்தான்.

போன வருஷம் அவருக்குக் குடலில் ஓட்டை விழுந்து, அவசர அவசரமாக வயிற்றைத் திறந்தார்கள். தைத்த இடம் சில மாதங்களில் பிதுங்கிக்கொண்டு வந்தது. பிதுங்கலை அடக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் வலையை வைத்தார்கள். அந்த வலையில் சீழ் பிடித்தது. கடைசியில் வலையைப் பிய்த்து எடுத்தபோது, வயிற்றின் நடுவில் சுவர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

"மறுபடியும் பிளாஸ்டிக் வைக்க முடியாதும்மா," என்றார் டாக்டரம்மா. "சீழ் பிடிச்ச இடத்துல வச்சா கிருமி அதுமேல போய்க் குடியேறிக்கும். மருந்து எட்டாது. அதுக்குப் பதிலா இதை வைக்கலாம்னு பாக்கறேன்."

மேசையின் மேல் ஒரு தட்டில், வெள்ளையாக, ஈரமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கிடந்தது. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தோலு," என்றாள்.

"ஆமா, மாட்டுத் தோல்லேருந்து எடுத்தது. அதோட உயிரணு எல்லாத்தையும் கழுவிட்டு வெறும் நாரை மட்டும் விட்டு வச்சிருக்காங்க. இதை வச்சு ஒட்டுப் போட்டா, உங்க வீட்டுக்காரரோட ரத்தக் குழாயும் சதையும் மெல்ல இதுக்குள்ள வளர்ந்துவரும். கொஞ்ச நாள்ல இது அவரோட உடம்பாவே ஆயிடும். நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா பிளாஸ்டிக்கை விட இது தாக்குப்பிடிக்கும்."

அவள் கேட்காமலேயே கையை நீட்டி, துண்டின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள்.

"ரெண்டு மில்லிக்குக் கொஞ்சம் குறைச்சல்."

டாக்டரம்மா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஒன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் கை தட்டியேவிட்டாள். "ஐயோ அக்கா, செம!"

"என் பொண்டாட்டி விரலுக்கு ஸ்கேல் எதுக்கும்மா?" என்று சக்கர நாற்காலியில் இருந்தபடி ரேடியோ சொன்னார். அந்த ஒரு நாள், அந்த ஒரு அறையில், எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அதை அவள் பல நாள் எடுத்து எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

பட்டறையில் எதிர் மேசைக்காரி விடவில்லை. "என்னடி ஊமை, உன் வீட்டுக்காரருக்குள்ள நம்ம சரக்காமே? முதல் தரம்தானா பாத்தியா, இல்லை கழிச்சுப் போட்டதைக் கட்டிட்டாங்களா?" என்றாள். அவள் சிரிக்கவில்லை என்றாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அறுவை முடிந்து பதினாறாம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரைப் பார்த்துக்கொள்வதற்காகவே அவள் மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டாள். தினமும் காலை பத்து மணிக்கு அந்த நர்ஸ் கட்டு மாற்ற வருவாள். சின்ன வயது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று குரல் உள்ளே போய்விடும், ஆள் பின்னால் வருவாள். மனத்துக்குள் அவள் அந்தப் பெண்ணுக்கு 'பத்து மணி' என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் பத்து மணியே சொல்லிப் பார்த்தாள். "அக்கா, நீங்களும் பக்கத்துல நின்னு பாத்துக்கங்க. ஒருநாள் யாரும் வர முடியாமப் போனா உதவும்."

அவள் நின்றாள். கட்டைப் பிரித்தார்கள். தினமும் நூறு தோலைப் புரட்டுகிற கை, அதில் பயம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் காயம் மேலும் கீழுமாக அசைந்தது. அவள் பார்த்த தோல் எதுவும் மூச்சு விட்டதில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவளுடைய சமையலறையிலிருந்து, அவளுடைய டம்ளரில்.

"பரவாயில்லக்கா, சொந்தக்காரங்களுக்கு இப்படித்தான் ஆகும்," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அது அவளுக்கு ஊசி குத்தினது போல் இருந்தது.

அதற்குப் பிறகு பத்து மணி பையைத் திறந்தால் அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். நடுவில் ஒரு சுவர், அரைச் செங்கல் கனம். சிரிப்பெல்லாம் அதைத் தாண்டி வந்தது. அதுதான் அவளால் பொறுக்க முடியாமல் போனது. வீட்டுக்கு வந்ததிலிருந்து ரேடியோ அவளிடம் பேசுவதே இல்லை. 'ம்', 'போதும்', 'விளக்கை அணை', அவ்வளவுதான். காலை பத்திலிருந்து பத்தே முக்கால் வரைக்கும் மட்டும் பழையபடி பாடும். பிறகு நின்றுவிடும்.

ஒருநாள் சுவருக்கு இப்பால் நின்று ஒரு கதை கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கண்டக்டரை ஒரு நிறுத்தத்தில் விட்டுவிட்டு, மணி அடிக்கவில்லையே என்ற நினைப்பே இல்லாமல் நாலு நிறுத்தம் வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். கண்டக்டர் அடுத்த பஸ்ஸில் துரத்திக்கொண்டு வந்தாராம். பத்து மணி விழுந்து விழுந்து சிரித்தாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கண்டக்டரை அவர் இவளிடம் ஒரு தடவைகூடக் கொண்டுவந்து இறக்கியதில்லை.

இன்னொரு நாள் சிரிப்பு இல்லை. "பயமா இருக்கும்மா," என்று அவர் மெதுவாகச் சொன்னார். "இருக்கத்தாண்ணே செய்யும்," என்றாள் பத்து மணி. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்த அடுப்பின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

'அண்ணே' என்ற சொல்லில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணின் பார்வையிலும் இல்லை, கையிலும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். காயம் இன்று எத்தனை சென்டிமீட்டர் நீளம், எவ்வளவு ஆழம் என்று பத்து மணி ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போவாள். தன் கணவரின் வயிறு அந்த நோட்டில் இன்னொருத்தியின் பையில் ஏறி வீதியில் போகிறது என்று ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள் இவள்.

நான்காவது வாரம், தைத்த மேல்தோல் நடுவில் விட்டுக்கொடுத்தது. மூன்று விரல் நீளத்துக்குப் பிளந்து, அடியில் வைத்த ஒட்டு கண்ணுக்குத் தெரிந்தது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, இது எதிர்பார்த்ததுதான், ஈரம் காயாமல் கட்டிக்கொண்டே வாருங்கள், சதை மேலேறி வந்து மூடிவிடும் என்றார்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணி கட்டைப் பிரித்ததுமே உள்ளே சிரிப்பு ஆரம்பித்தது. அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் கொட்டுகிற சத்தத்தில் சிரிப்பு அமுங்கியது. கூடவே, பத்து மணி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்ன நாலு வார்த்தையும் அமுங்கியது.

"அண்ணே, இது முக்கியம். அடியில மஞ்சளா, வழவழன்னு, ஓரத்துல நார் நாராத் தெரியும். பாத்தா அழுகினமாதிரி இருக்கும், வாடைகூட வரும். ஆனா அழுகல் இல்ல. அதுதான் அந்த ஒட்டு. யாரு கட்டினாலும் அதைச் சுரண்டக் கூடாது, வெட்டக் கூடாது. அக்காகிட்டயும் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்மா."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பத்து மணி சொன்னாள்: "அக்கா, நாளைக்கு எனக்கு லீவு. வேற ஆள் வரும். அண்ணன்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், கேட்டுக்கங்க."

என் வீட்டு விஷயத்தை நான் என் புருஷனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நீ அனுமதி கொடுக்கிறாயா என்று அவளுக்குத் தோன்றியது. "ம்," என்று கதவைச் சாத்தினாள். அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாற்று நர்ஸ் போன் செய்தாள். வழி கேட்டாள்.

"வர வேண்டாம். நானே கட்டிடுவேன்."

"பழக்கம் இருக்காம்மா?"

"பதினாறு வருஷமா," என்று போனை வைத்துவிட்டாள்.

ரேடியோ தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "உனக்குத் தலை சுத்துமே."

அவள் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். பொட்டலத்தைப் பிரித்து, கையுறையை மாட்டிக்கொண்டு, உப்புநீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டாள். அவர் கூரையைப் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார். இந்தத் தடவை அசைவதைப் பார்க்காமல் தோலை மட்டும் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தாள். அது பலித்தது. தலை சுற்றவில்லை.

ஈரத்துணியை எடுத்தாள். அடியில் மஞ்சளாக இருந்தது.

மேசையில் இப்படி ஒரு தோல் வந்தால் அவள் இரண்டாம் தடவை பார்க்க மாட்டாள். மஞ்சள், வழவழப்பு, ஓரத்தில் பிசிறு, லேசான வாடை. வழவழப்பு விழுந்த ஓரத்தை அன்றைக்கே வெட்டிப் போடாவிட்டால் மறுநாள் முழுத் தோலும் போய்விடும். பக்கத்திலிருக்கிற தோல்கட்டுக்கும் பரவும். பட்டறையில் அவள் முதலில் கற்றுக்கொண்டதே அதுதான். பதினாறு வருஷத்தில் அதில் அவளுக்கு ஒரு பிசகும் வந்ததில்லை.

அப்போது அவள் மனத்தில் வந்ததை அவள் என்னிடம் மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னாள். பயம் வரவில்லை. ஐயோ என் புருஷன் என்று வரவில்லை. சந்தோஷம் வந்தது. பார்த்தாயா, என்று வந்தது. சிரித்துச் சிரித்து, நோட்டில் எழுதி எழுதி, கடைசியில் அழுக விட்டிருக்கிறாள். நாளைக்குப் பத்து மணி வரட்டும். டாக்டரம்மாவிடமே காட்டலாம்.

பொட்டலத்தில் இடுக்கி இருந்தது. சின்னக் கத்திரியும் இருந்தது. பிசிறைத் தூக்கிப் பிடித்து ஒரு வெட்டு வெட்டினாள்.

"வலிக்குதாங்க?"

"அங்கே வலி இல்லையே. கழுவறியா?"

வலிக்கவில்லை என்றால் செத்த தோல்தான். இன்னொரு வெட்டு. மூன்றாவது வெட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு தனியாக வந்தது. அதைத் தட்டில் போட வேண்டியதுதான். ஆனால் பழக்கம் யாரை விட்டது? வெட்டிய துண்டைப் போடுமுன் விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தடவை தேய்த்தாள்.

மேலே வழவழப்பு. அதற்கு அடியில் நார் கெட்டியாக இருந்தது. அழுகின தோல் விரலில் குழையும். இது குழையவில்லை. இரண்டு மில்லிக்குக் கொஞ்சம் குறைச்சல்.

அவள் அப்படியே நின்றாள். டாக்டரம்மாவின் மேசை, தட்டு, கை தட்டின சத்தம் எல்லாம் விரல் நுனிக்கு வந்து சேர்ந்தன. ரேடியோ கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் ஒரு வண்டி நின்று, மறுபடி கிளம்பிப் போனது.

"என்னங்க. மஞ்சளா இருக்கே, அதைப் பத்தி அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லிச்சா?"

"சொல்லிச்சே. அதுதான் அந்த ஒட்டாம், தொடவே கூடாதாம். உன்கிட்ட சொல்லச் சொல்லிச்சு. நீ அங்கேதானே நின்னுட்டு இருந்தே, கேட்டிருப்பேன்னு விட்டுட்டேன்." பிறகு தலையைத் திருப்பினார். "ஏன்?"

அவள் தட்டைப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவு. பஞ்சோடு பஞ்சாகச் சுருட்டி எறிந்துவிடலாம். கட்டி மூடிவிட்டால் நாளைக் காலை பத்து மணிதான் திறப்பாள். கையில் கத்திரியோடு தினமும் திறப்பவள் அவள் ஒருத்திதான் என்று எல்லோருக்கும் தெரியும். நேற்றே வெட்டியிருக்கிறாள் என்றால் டாக்டரம்மா யாரைக் கேட்பார்? வேறொரு நர்ஸை அனுப்புவார்கள். வயசானவளாக, அண்ணே என்று கூப்பிடாதவளாக, சிரிக்கத் தெரியாதவளாக. இது அவ்வளவும் ஒரு நொடியில் ஓடியது. இவ்வளவு வேகமாக ஓடும் என்று அவள் தன்னைப் பற்றி நினைத்திருக்கவில்லை.

நகம் அளவுப் பள்ளத்தின் அடியில் ஏதோ ஈரமாக மின்னியது. மேலும் கீழுமாக அசைந்தது.

அவள் போனை எடுத்துப் பத்து மணியைக் கூப்பிட்டாள்.

"ஒட்டை வெட்டிட்டேன்," என்றாள். "ஒரு நகம் அளவு. நான்தான்."

பத்து மணியின் குரல், சிரிப்பு துளியும் இல்லாமல் வந்தது. "அடியில என்ன நிறம் தெரியுது? சிவப்பா, வெளுப்பா? பச்சையா தண்ணி ஏதும் கசியுதா?"

"சிவப்பு. கசியலை."

"சரி. உப்புநீர்ல நனைச்ச துணியை மேல போடுங்க, அழுத்தாதீங்க. வண்டி புடிச்சு வந்துடுங்க. வெட்டின துண்டையும் எடுத்துட்டு வாங்க. அக்கா, அழாதீங்க."

"நான் அழலை," என்றாள். உண்மையாகவே அழவில்லை.

வண்டி பிடித்துக் கிளம்பினார்கள். பாதி வழியில் அவள்தான் கேட்டாள். "அந்தக் கண்டக்டர் கதையை என்கிட்ட ஏன் சொல்லவே இல்லை?"

"எந்தக் கண்டக்டர்?"

"விட்டுட்டுப் போனீங்களே."

அவர் வயிற்றின் மேல் கையை வைத்தபடி அவளைப் பார்த்தார். "அதையா? அது நடக்கவே இல்லை. அந்தப் பொண்ணு கட்டைப் பிரிக்கறப்போ ஏதாவது பேசிக்கிட்டே இருக்கணும். வாயை மூடினேன்னா கத்திடுவேன். அவ்வளவு வலி, அவ்வளவு பயம். கையில கிடைச்சதை எல்லாம் அடிச்சு விட்டேன். அது போனப்புறம் பேசறதுக்குத் தெம்பு ஏது?"

"கத்தியிருக்கலாம்ல," என்றாள் அவள். "கத்தியிருந்தா நான் உள்ள வந்திருப்பேன்."

மருத்துவமனை வாசலிலேயே பத்து மணி நின்றாள். சீருடை இல்லை. காயாத தலைமுடியிலிருந்து சட்டைத் தோளில் நீர் சொட்டியிருந்தது. லீவு நாளில் தலைகூடத் துவட்டாமல் ஓடி வந்திருக்கிறாள். நன்றியாக இருக்க வேண்டிய அந்த நேரத்திலும், ஈரத் தலையோடுகூட இவள் அழகாகத்தான் இருக்கிறாள் என்று அவளுக்கு முதலில் தோன்றியது.

டாக்டரம்மா பார்த்தார். வெகு நேரம் குனிந்து பார்த்தார். அவள் சிமிழில் போட்டுக் கொண்டுவந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடியில அவரோட சதை ஏற்கெனவே வளர ஆரம்பிச்சிருக்கு. அதனால தப்பிச்சோம். இன்னும் ஒரு வெட்டு ஆழமாப் போயிருந்தா குடல்." நிமிர்ந்தார். "யார் செஞ்சது இது?"

பத்து மணி ஓரடி முன்னால் வந்தாள். "டாக்டர், தப்பு என்னோடது. அக்காகிட்ட நான் நேரா சொல்லியிருக்கணும். அண்ணன்கிட்ட சொன்னாப் போதும்னு..."

அதையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அவளுக்குச் சுர்ரென்று வந்தது. காயத்தை எடுத்துக்கொண்டாள், பேச்சை எடுத்துக்கொண்டாள், பயத்தை எடுத்துக்கொண்டாள். இந்தத் தப்பாவது எனக்கு வேண்டும்.

"அது சொல்லிச்சு," என்றாள் அவள். பட்டறையில் யாரும் கேட்டிராத சத்தத்தில் சொன்னாள். "சரியாத்தான் சொல்லிச்சு. நான் குழாயைத் திறந்து விட்டிருந்தேன். வேணும்னேதான் திறந்தேன். இன்னிக்கு வரவேண்டிய ஆளையும் நான்தான் வர வேண்டாம்னேன். வெட்டினது நான்தான். அந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

பத்து மணி அவளைப் பார்த்தாள், அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். முகம் மெல்லச் சிவந்தது.

"குழாயை எதுக்கும்மா திறந்தீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. அவருக்கு மட்டும்தான் விளங்கவில்லை.

காயம் மூடப் பதினோரு வாரம் ஆனது. ஒட்டில் பெரும்பகுதி நின்றுவிட்டது, சதை அதற்குள் வளர்ந்து ஏறியது. வெட்டிய இடத்தில் மட்டும் சுவர் மெலிந்துபோய், எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு விழுந்தது, இருமினால் பெரிதாகும். ரேடியோ இடுப்புப் பட்டை கட்டிக்கொள்கிறார். பஸ் ஓட்ட அனுமதி கிடைக்கவில்லை. டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கும் ஜன்னலில் உட்கார்ந்து, போகிற வருகிற டிரைவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறார். டாக்டரம்மா அதே மருத்துவமனையில் இருக்கிறார். ஒட்டு வெளியே தெரிகிற நோயாளி வீட்டுக்குப் போனால், வீட்டிலிருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து அந்த மஞ்சளை நேரில் காட்டிய பிறகே அனுப்புகிறார். நர்ஸ் அந்தப் பதினோரு வாரமும் வந்தாள். பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள், அங்கே கல்யாணமும் ஆனது. பத்திரிகை வந்தது. கல்யாணத்துக்கு ரேடியோ மட்டும் போய்விட்டு வந்தார். அவள் இன்னும் அதே மேசையில் தோல் தரம் பார்க்கிறாள். அந்தப் பதினோரு வாரமும் கட்டுப் பிரிக்கும்போது கட்டிலின் இந்தப் பக்கம் நின்று, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் பேசினார். பொறாமை போய்விட்டதா என்று நான் கேட்டேன். இல்லை என்றாள்.